விழுந்த சாரத்திலேயே மறுபடியும் ஏறச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்க ஊரையும் ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவருடைய வீட்டுக்காரர் கொத்தனார், வயது 40, இருபது வருடமாக இதே தொழில். இவரும் அதே இடத்தில் சித்தாள். மூன்று மாடிக் கடைக் கட்டடம். இடத்துக்காரர் மொத்த வேலையையும் ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டிருக்கிறார், காண்ட்ராக்டர் ஆள் வேலையை ஒரு மேஸ்திரியிடம் விட்டிருக்கிறார். அந்த மேஸ்திரி வீட்டுக்காரருக்கு அத்தை மகன், இவருக்கு அண்ணன் முறை. மொத்தம் 14 பேர் வேலை செய்கிறார்கள்.

ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, வெளிப்பூச்சுக்காக ஏறியிருக்கிறார். சாரத்தின் ஒரு கால் மண்ணில் இறங்க, கயிறு அறுந்து, 12 அடி உயரத்திலிருந்து பலகையோடு விழுந்துவிட்டார். கீழே எம்-சாண்ட் குவியல் கிடந்ததால் மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு தப்பித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மேஸ்திரி, "வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்று சொல்லிக் கூட்டிப் போயிருக்கிறார். 5,000 ரூபாய் கொடுத்து, "என் கவனக்குறைவால் விழுந்தேன், இனி யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஆறு வாரம் கழித்து இப்போதுதான் கட்டு பிரித்திருக்கிறார்கள். அதே சாரத்தை இரண்டாம் மாடிக்கு உயர்த்தியாயிற்று, திங்கட்கிழமை வரச் சொல்கிறார் மேஸ்திரி. ஏற விடலாமா, கையெழுத்துப் போட்ட பிறகு கேட்க வழி உண்டா, சொந்தத்துக்குள் கேஸ் என்று போனால் ஊரில் தலைகாட்ட முடியுமா, இதுதான் சகோதரி கேட்பது.

சகோதரி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். திங்கட்கிழமை அவர் ஏற வேண்டாம். சாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கையைப் பாருங்கள். கட்டு பிரித்த அன்றே மணிக்கட்டில் பழைய பிடி வந்துவிடாது. ஒரு குடம் தண்ணீரை அந்தக் கையால் தூக்கச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். சாரத்தில் ஏறுகிறவனுக்குக் கைதான் உயிர். கட்டுப் போட்ட டாக்டரிடமே போய், "உயரத்தில் ஏறி வேலை செய்யலாமா" என்று அந்த வார்த்தையிலேயே கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டு பிறகு வேறு ஒன்றுக்கும் பயன்படும், கீழே சொல்கிறேன்.

"20 வருஷமா வெறுங்காலோட ஏறுறேன், எனக்குத் தெரியாததா" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய திறமையை நான் கொஞ்சமும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கால் வழுக்கவில்லை, தலை சுற்றவில்லை, தப்பாக எதையும் மிதிக்கவில்லை. நின்றிருந்த இடமே அவரை விட்டுப் போய்விட்டது. 20 வருட அனுபவம் காலுக்குத்தான் வரும், கயிற்றுக்கு வராது. இரண்டாம் மாடி என்றால் எப்படியும் 20 அடி. அங்கிருந்து விழுகிறவர் தரைக்கு வர ஒரு விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர் இருக்கும். எதையாவது எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே அந்த நேரம் போதாது. எம்-சாண்ட் குவியலும் எப்போதும் அதே இடத்தில் கிடக்காது.

பெரிய கோயில் கட்டினவன் பெல்ட்டா போட்டிருந்தான் என்றும் கேட்டாராம். அந்தக் கோயிலைப் பற்றி நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்வது என்ன? உச்சிக் கல்லை மேலே கொண்டுபோக, பல மைல் தள்ளியிருக்கும் சாரப்பள்ளத்திலிருந்தே சாய்வாகச் சாரம் போட்டார்கள் என்பதுதானே? அது அப்படியே நடந்ததோ இல்லையோ, சொன்னவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. பாரம் மேலே போவதற்கு முன்னால் பாதை உறுதியாக இருக்க வேண்டும். அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

அறுந்தது கயிறு, தவறியது தரை

கயிறு அறுந்ததால் விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அதற்கு முந்தைய வரியே காரணத்தைச் சொல்லிவிட்டது, ஒரு கால் மண்ணில் இறங்கியது என்று. நம்ம மண் களி. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், இரண்டு நாள் மழை பெய்தால் கால் வைத்த இடமெல்லாம் புதையும். சவுக்குக் கம்பின் அடி எவ்வளவு அகலம்? ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். இரண்டு ஆள், நாலைந்து சட்டி கலவை, பலகை, இவ்வளவு கனமும் அந்தக் கைப்பிடி அகலத்தில் களிமண் மேல் உட்காருகிறது. ஒரு கால் இரண்டு அங்குலம் இறங்கி மற்றக் கால்கள் அப்படியே நின்றால், அந்தப் பாரம் முழுக்க முடிச்சுக்கு வந்துவிடும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து இற்றுப்போன தேங்காய் நார்க் கயிறு அதை எப்படித் தாங்கும்?

அதனால் புதுக் கயிறு வாங்கிக் கட்டிவிட்டேன் என்று மேஸ்திரி சொன்னால் அது பாதி வேலைதான். ஒவ்வொரு கம்புக்கும் கீழே சல்லி போட்டு இடித்து, அதன்மேல் கனமான பலகையோ பட்டைக் கல்லோ வைத்து, அதன்மேல்தான் கம்பு நிற்க வேண்டும். செங்கலை அடுக்கி அதன்மேல் நிறுத்துவது வேண்டாம், அது பாரத்தில் வெடிக்கும், நகரும். மழைத் தண்ணீர் சாரத்தின் அடியில் தேங்காமல் ஒதுங்கி ஓடச் சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டிவிட அரைமணி நேரம்கூட ஆகாது. வயலுக்கு மடை திறந்து பழகிய ஊர், இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன், இதை அவரோடு உட்கார்ந்து படியுங்கள். சாரம் தனியாக நிற்கக் கூடாது, ஜன்னல் வழியாகவோ தூணிலோ கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். நேர்க் கம்புகளுக்கு நடுவே சாய்வாகக் குறுக்குக் கம்பு வேண்டும், அது இல்லாத சாரம் ஒரு பக்கமாகச் சாயும். உளுத்த கம்பு, வெடித்த கம்பு, பட்டை உரியாத கம்பு மூன்றும் வேண்டாம், பட்டைக்குள்தான் பூச்சி இருக்கும், கயிறும் அதன்மேல் வழுக்கும். நிற்கிற இடத்தில் ஒற்றைப் பலகை கூடாது, நெருக்கமாக மூன்று பலகையாவது போட்டு, இரண்டு முனையையும் கட்டியிருக்க வேண்டும். பலகையின் முனை கம்பைத் தாண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் கால் வைத்ததும் மறுமுனை தூக்கிவிடும். கட்டாத பலகையில் நடந்த விபத்தாக என்னிடம் வந்த வழக்குகள் பலவும் இப்படி நடந்தவைதான். பலகைக்குப் பதிலாகச் சென்ட்ரிங் தகடு போடுகிறார்கள், மழைக்காலத்தில் அது எண்ணெய் தடவிய மாதிரி.

வெளிப்பக்கம் இடுப்பு உயரத்தில், மூன்றரை அடிக்கு ஒரு கைப்பிடிக் கம்பு, அதற்கும் பலகைக்கும் நடுவில் இன்னொன்று. இந்த இரண்டு கம்பும் இருந்தால், பூச்சை மட்டம் பார்க்கப் பின்னால் ஓர் அடி நகர்கிற கொத்தனார் வெறும் காற்றில் கால் வைக்க மாட்டார். என்னைக் கேட்டால் பெல்ட்டைவிட முதலில் வேண்டியது இதுதான், ஏனென்றால் பெல்ட் விழுந்த பிறகு பிடிக்கும், கைப்பிடி விழவே விடாது.

சரி, பெல்ட்டும் வேண்டும். இடுப்பில் மட்டும் மாட்டுவது போதாது, தொடையும் தோளும் சேர்த்துப் பிடிக்கிற முழு உடம்புப் பெல்ட். ஆனால் அதன் கொக்கியைச் சாரக் கம்பிலேயே மாட்டினால், சாரம் சரியும்போது அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கட்டடத்தின் தூணிலோ பீமிலோ கட்டிய தனிக் கயிற்றில்தான் மாட்ட வேண்டும். பெல்ட் கொடுத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், எதில் மாட்டுவது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

பச்சை வலை கட்டியிருந்தால் காற்றடிக்கும்போது அது பாய் மாதிரி விரிந்து சாரத்தையே இழுக்கும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா அடித்ததைப் பார்த்த நமக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழையோ பலத்த காற்றோ நின்ற மறுநாள், ஆள் ஏறுவதற்கு முன்னால், சாரம் கட்டத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு முடிச்சையும் பார்த்துவிட்டு ஏறு என்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் காலையில் அதை யாரும் செய்யவில்லை, விபத்துக்கு அதுதான் வேர்.

உங்களைப் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. சட்டி எடுத்துக் கொடுக்க அந்தச் சாரத்தின் நேர் அடியில் நிற்பது நீங்கள்தான். மேலிருந்து ஒரு கரண்டி விழுந்தாலே மண்டை உடையும். பலகையின் ஓரத்தில் அரை அடி உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகை கட்டச் சொல்லுங்கள், நாடாவைத் தாடையில் மாட்டி ஹெல்மெட் போடுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாதுகாப்பு.

அந்தக் கையெழுத்து

அந்தத் தாள் செல்லாது. வேலையில் அடிபட்டதற்கான இழப்பீட்டு உரிமையை ஒரு தொழிலாளி எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது, அப்படி எழுதி வாங்கினால் அந்த ஒப்பந்தமே இல்லாத மாதிரி என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே சொல்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது, இந்த அடிப்படை மாறவில்லை. இனிமேல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், அவ்வளவுதான்.

பெல்ட் போடாதது அவர் தப்புத்தானே, அப்புறம் எப்படிப் பணம் கிடைக்கும் என்ற உங்கள் நினைப்பும் சரியில்லை. இந்த இழப்பீட்டுக்கு, முதலாளி தப்பு செய்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை. வேலை செய்யும்போது, வேலையால் அடிபட்டது என்பது போதும். கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றிப் போட்டார் என்றால் மறுக்க இடமுண்டு. கொடுக்கவே இல்லை என்றால் எதைக் கழற்றுவது?

"முந்தின நாள் குடிச்சிருந்தான்னு சொல்லிடுவேன்" என்று மேஸ்திரி மிரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். விபத்து நேரத்தில் போதையில் இருந்து, அதனால்தான் விழுந்தார் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். ஆனால் உங்களிடம் ஒன்றை நேராகவே சொல்கிறேன். முந்தின ராத்திரி குடித்துவிட்டுக் காலையில் சாரம் ஏறும் பழக்கம் அவருக்கு இருந்தால், வழக்குக்காக இல்லை, உயிருக்காக அது நிற்க வேண்டும்.

எவ்வளவு, யாரிடம்

2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தபடி, மாதச் சம்பளம் அதற்கு மேல் இருந்தாலும் 15,000 ரூபாய் என்றுதான் கணக்கு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, 15 நாளுக்கு ஒருமுறை அதில் 25 சதவீதம், அதாவது 3,750. ஆறு வாரத்துக்கு ஏறக்குறைய 10,500. மருத்துவச் செலவு தனி. மேஸ்திரி கொடுத்த 5,000-ஐ இதில் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள், எது எதற்காகக் கொடுத்தது என்று கேட்கலாம்.

பெரிய விஷயம் இதற்கு மேல்தான் இருக்கிறது. மணிக்கட்டு பழையபடி மடங்கவில்லை, கரண்டி பிடித்துப் பூச முடியவில்லை என்று டாக்டர் சொன்னால் அது நிரந்தர ஊனம். 40 வயதுக்குச் சட்ட அட்டவணையில் உள்ள எண் 184.17. சம்பளத்தில் 60 சதவீதமான 9,000-ஐ அதால் பெருக்கினால் 16,57,530. சம்பாதிக்கும் திறனில் 10 சதவீதம் போயிற்று என்று முடிவானால் 1,65,753 ரூபாய். 5,000 கொடுத்துக் கையெழுத்து வாங்கியது எதற்காக என்று இப்போது புரியும். டாக்டர் சீட்டு வேறு ஒன்றுக்கும் பயன்படும் என்றேனே, இதற்குத்தான்.

சொந்தக்காரர் மேல் கேஸா என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. மேஸ்திரி மட்டும் பொறுப்பில்லை. கட்டடம் கட்டுவதையே தொழிலாக வைத்திருக்கிற காண்ட்ராக்டர் அந்த வேலையில் ஒரு பகுதியை மேஸ்திரியிடம் விட்டிருப்பதால், காண்ட்ராக்டரிடமே நேராகக் கேட்கலாம். அவர் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கட்டிய பணத்தை அவர் பிறகு மேஸ்திரியிடம் திருப்பிக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. போலீஸ் புகார் வேறு, இழப்பீடு வேறு. எஃப்.ஐ.ஆர். இல்லாமலே இழப்பீடு கேட்கலாம், அதனால் அண்ணன் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்குமே என்று இதை விட்டுவிட வேண்டாம்.

நலவாரிய அட்டை இருக்கிறது, அதில் எல்லாம் வந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தருவது உதவித்தொகை, முதலாளி தர வேண்டியதற்கு அது மாற்று இல்லை. இரண்டையும் கேட்கலாம். அட்டை புதுப்பிக்கும் தேதி தாண்டிவிட்டதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரில் அட்டை இல்லையென்றால் நீங்களும் பதிந்துகொள்ளுங்கள், சித்தாளுக்கும் உண்டு.

இப்போது கையில் இருக்க வேண்டியவை

ஆஸ்பத்திரியில் "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னது நமக்கு நல்லதில்லை. ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலில், அதுதான் பதிந்திருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் நீட்டுவார். ஆனாலும் வழி அடைபடவில்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவர் உள்ளபடியே சொல்லலாம், கூட நின்ற ஆட்களில் இரண்டு பேர் பார்த்ததைச் சொன்னால் போதும். மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள், கூலி போட்ட ஜிபே கணக்கு, ஆள் பேர் எழுதும் நோட்டின் பக்கம், எதையும் அழிக்க வேண்டாம்.

பல வருடம் முன்னால் ஓர் அம்மா மஞ்சள் பையில் ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகன் விழுந்த சாரத்தின் கயிறு. இரண்டு விரலால் இழுத்தேன், நார் நாராகப் பிரிந்து மேஜையெல்லாம் கொட்டியது. விசாரணையில், இது அந்தச் சாரத்தின் கயிறுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. வேறு சாட்சி வைத்து வழக்கை நடத்தினோம், ஆனால் அந்தக் கேள்விக்கு அந்த அம்மா நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் கேட்கிறேன், சாரம் இன்றைக்கு எப்படி நிற்கிறது என்று, கம்பின் அடி, முடிச்சு, பலகை, தூரத்திலிருந்து முழுக் கட்டடம் என நாலைந்து படம் எடுத்து வையுங்கள்.

அண்ணனிடம் பேசுவது

உங்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. பேசாமல் வேலைக்குப் போவது, பேசித் திருத்துவது, புகார் கொடுப்பது. முதலாவதை நான் சொல்ல மாட்டேன். இரண்டாவதை முதலில் முயலுங்கள், ஆனால் தனியாகப் போக வேண்டாம், கூட வேலை செய்கிற மூன்று நாலு கொத்தனார் சேர்ந்து போகட்டும். "எங்க வீட்டுக்காரருக்குப் பயம்" என்று ஆரம்பிக்காதீர்கள், "அண்ணே, அடுத்து யார் விழுந்தாலும் உங்க தலைமேலதான் வரும்" என்று ஆரம்பியுங்கள். அது மிரட்டலும் இல்லை, உண்மை. சல்லி, பலகை, கயிறு, கைப்பிடிக் கம்பு வாங்கும் பணம் மேஸ்திரி கையிலிருந்து போக வேண்டியதில்லை, காண்ட்ராக்டரிடம் கேட்டு வாங்க வேண்டியது. பல மேஸ்திரிகள் கேட்கத் தயங்கியே விட்டுவிடுகிறார்கள், அடுத்த வேலை கொடுக்க மாட்டாரோ என்று.

பேசியும் நடக்கவில்லையென்றால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடம், அவர்கள் வந்து பார்க்கலாம், ஆபத்து என்று தெரிந்தால் வேலையை நிறுத்தச் சொல்லலாம். உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று தோன்றினால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு இருக்கிறது. ஏற மறுத்த நாளுக்குக் கூலி வருமா என்றால், தினக்கூலிக்காரருக்கு அது சுலபமாகக் கைக்கு வராது என்பதே நிலைமை. அதனால்தான் நாலு பேர் சேர்ந்து நிற்பது முக்கியம், ஒருத்தரை மாற்றலாம், நாலு கொத்தனாரை ஒரேயடியாக எங்கே போய்த் தேடுவார்?

இழப்பீட்டுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், அதுவரை இழுக்காதீர்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவசச் சட்ட உதவி உண்டு. தொழிலாளர் என்ற வகையில் அவரும் கேட்கலாம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

ஏ.ஆர். காப்பியும் டாக்டர் சீட்டும் கைக்கு வந்ததும் இரண்டையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அவருடைய பிறந்த தேதி உள்ள ஏதாவது ஒரு ஆவணமும் சேர்த்து அனுப்புங்கள், அந்த 184.17 வயதைப் பொறுத்துத்தான் மாறும்.